யாரா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள்: இரண்டு தோட்டம் போதும்

கேள்வி: நான் தலவாக்கலையைச் சேர்ந்தவள். மெல்பேர்னில் ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கிறேன். இப்போது விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போனதும் பெப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து யாரா பள்ளத்தாக்கு வைன் தோட்டங்களைப் பார்க்கப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வாடகைக் கார் எடுத்தால் ஒரே நாளில் நான்கு இடம் பார்த்துவிடலாம் என்கிறான் ஒரு தோழன். நான் குடிப்பதில்லை. ஆனால் அடுத்த தவணையில் வைன் பாடம் இருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். அவர் போய்ப் பார் என்கிறார். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், குடிக்காத நான் அங்கே என்ன செய்வது?

பதில்: தங்கைக்கு, தாராளமாகப் போய்வாருங்கள். நான்கு இடம் என்ற கணக்கையும் வாடகைக் காரையும் மட்டும் கைவிடுங்கள். இந்தப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டால்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவில் 10 கிராம் மதுசாரத்தை ஓர் அலகாக, ‘ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’ என்று, எண்ணுகிறார்கள். 13 சதவீத வைனில் 100 மில்லிலீற்றர் குடித்தால் ஏறக்குறைய ஓர் அலகு. சுவைப்புக் கூடத்தில் ஒரு தடவைக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர்தான் ஊற்றுவார்கள். பார்த்தால் கிளாஸின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஓரிடத்தில் ஐந்து வகை சுவைத்தால் 150 மில்லிலீற்றர், அதாவது ஒன்றரை அலகு. நான்கு இடம் போனால் ஆறு அலகு. மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் எடுத்தால் அது வேறு. உடம்போ மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகைத்தான் கழிக்கும். விக்டோரியா மாநிலத்தில் முழு அனுமதிப்பத்திரம் உள்ள சாரதிக்கே இரத்த மதுசார எல்லை 0.05. பழகுநருக்கும், புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்து ‘பி’ தகடு ஒட்டியவருக்கும் பூச்சியம். காரை ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டால்தான் இது சரிவரும். வாடகைக் கார் எடுப்போம் என்று சொல்லும் தோழன் அதற்குத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். அதோடு நீங்கள் ஆறு பேர், சாதாரணக் காரில் ஐந்து இருக்கைதான். 25 வயதுக்குக் குறைந்த சாரதிக்கு வாடகைக்காரர்கள் பெரும்பாலும் மேலதிகக் கட்டணமும் போடுவார்கள்.

நாக்கும் நான்கு இடம் தாங்காது. சிவப்பு வைனின் துவர்ப்பு வாயில் படிந்துகொண்டே போகும். மூன்றாவது இடத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். படிக்கப் போகிறவருக்கு இரண்டு இடம் போதும்.

கார் இல்லாமல் போகும் வழி இது. ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் லில்லிடேல் ரயில் ஏறினால் கடைசி நிலையம்வரை சுமார் ஒரு மணித்தியாலம். லில்லிடேலிலிருந்து ஹீல்ஸ்விலுக்கு 685ஆம் இலக்க பஸ், கோல்ட்ஸ்ட்ரீம் வழியாக, மரூண்டா நெடுஞ்சாலையில் போகும். இரண்டுக்கும் ஒரே ‘மைக்கி’ பயண அட்டை போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கழியும் என்று உச்சவரம்பு உண்டு, சனி ஞாயிறில் அது வார நாளைவிடக் குறைவு.

பஸ் தோட்டங்களுக்குப் பக்கத்தால்தான் போகிறது, இறங்கி நடந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நெடுஞ்சாலையில் வாகனங்கள் வேகமாக வரும், பெரும்பகுதிக்கு நடைபாதை இல்லை. பாதையிலிருந்து தோட்டத்து வாசலுக்கு மட்டுமே ஒரு கிலோமீற்றர் நடக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆறு பேருக்கு நல்லது, ‘மக்ஸி டாக்ஸி’ எனப்படும் பெரிய டாக்ஸி ஒன்றை லில்லிடேல் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. அதில் காலையில் கோல்ட்ஸ்ட்ரீம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போங்கள். அதே டாக்ஸியை ஒன்றரை மணித்தியாலம் கழித்து வரச்சொல்லி ஹீல்ஸ்வில் ஊருக்குள் போய் இறங்குங்கள். அங்கே சாப்பாட்டுக் கடைகளும் சில சுவைப்புக் கூடங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. மாலையில் அங்கிருந்தே 685 பஸ்ஸில் லில்லிடேலுக்குத் திரும்பலாம். இப்படிச் செய்தால் டாக்ஸி இரண்டு சின்ன ஓட்டத்துக்கு மட்டும்தான், அதையும் ஆறாகப் பிரிக்கலாம்.

திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் புறப்படும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த பஸ்ஸையும் எழுதுங்கள். கடைசி பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். மெல்பேர்ன் நகருக்குள் செயலியைத் தட்டினால் கார் வருகிறதே என்ற பழக்கத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தாக்கில் அந்தச் செயலிக் கார்கள் அரிது, சில இடங்களில் தொலைபேசி சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும். சுவைப்புக் கூடங்கள் மாலை 5 மணி வாக்கில் மூடிவிடும். அந்த நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வாகனம் தேடுவார்கள், அப்போதுதான் குடித்தவன் ஒருவன் ‘நான் ஓட்டுகிறேன்’ என்பான். அம்மாவின் பயத்தில் நியாயமான பகுதி இதுதான். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை அவருக்கும் அனுப்பிவையுங்கள். லில்லிடேல் நிலையத்தில் ரயில் ஏறியதும் ஒரு தகவல் போடுங்கள்.

எந்தத் தோட்டம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதிலும் யோசிக்க வேண்டும். காலைக்கு டொமேன் ஷாண்டோன் நல்ல தெரிவு. பிரான்சின் மோயே ஏ ஷாண்டோன் நிறுவனம் 1986இல் கோல்ட்ஸ்ட்ரீம் அருகே தொடங்கியது. நுரைக்கும் வைன்தான் அங்கே முதன்மை. போத்தலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்கவைத்து, மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, வெளியே எடுக்கும் முறையைப் புத்தகத்தில் ஐந்து தடவை வாசிப்பதைவிட ஒரு தடவை பார்ப்பது மேல். அந்தப் போத்தலுக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அதனால்தான் கண்ணாடி அவ்வளவு தடிப்பு, தக்கைக்குக் கம்பிக் கட்டு. பரிமாறும்போது கம்பியைத் தளர்த்தியதிலிருந்து தக்கை வெளியே வரும்வரை பெருவிரலைத் தக்கையிலிருந்து எடுக்கக்கூடாது என்று வகுப்பில் அடித்துச் சொல்வதும் அதனால்தான். வரலாற்றில் விருப்பம் என்றால் மெல்பா நெடுஞ்சாலையில் உள்ள யெரிங் ஸ்டேஷனைப் பாருங்கள். விக்டோரியாவின் முதல் திராட்சைத் தோட்டம் 1838இல் அங்கேதான் நடப்பட்டது. யெரிங் வைன் 1889 பாரிஸ் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கியது. ஹீல்ஸ்வில் போகும் மரூண்டா நெடுஞ்சாலையில் அது இல்லை, ஆகவே டாக்ஸி ஓட்டம் கூடும்.

எங்கே போனாலும் முன்பதிவு செய்யுங்கள். ஆறு பேர் கூட்டத்தைச் சொல்லாமல் போனால் சனிக்கிழமையில் பல இடங்களில் நிற்க இடம் கிடைக்காது. பதிவு செய்யும்போதே ‘ஐந்து பேர் சுவைப்போம், ஒருவர் மதுசாரம் எடுப்பதில்லை’ என்று எழுதிவிடுங்கள். சுவைப்புக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு 10 முதல் 25 டொலர். போத்தல் வாங்கினால் அதைக் கழித்துவிடும் இடங்கள் நிறைய. குடிக்காதவரிடம் கட்டணம் கேட்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அங்கே நேரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு இது தினமும் வருகிற விஷயம், யாரும் உங்களை வினோதமாகப் பார்க்க மாட்டார்கள். விக்டோரியாவில் 18 வயது நிரம்பியவருக்குத்தான் மது கொடுப்பார்கள், ஆகவே எல்லாரும் வயதைக் காட்டும் அட்டை கொண்டுபோக வேண்டும்.

இனி, குடிக்காமல் அங்கே என்ன செய்வது என்ற கேள்வி. உங்களுக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது, மற்ற ஐந்து பேரைவிட நீங்கள்தான் அதற்குக் கூடுதலாகப் பழகியவர். அப்பா காலையில் தொழிற்சாலையில் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, அளந்து, நேரம் பார்த்து ஊறவைத்து, கரண்டியால் உறிஞ்சி, துப்புகிறார் அல்லவா? வைன் மேசையில் நடப்பதும் அதே வேலைதான். தேயிலைச் சுவைப்புக்கு 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று உலகத் தரம் வைத்திருப்பது ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக. வைனிலும் ஒரே அளவு, ஒரே மாதிரிக் கிளாஸ், இலேசானதிலிருந்து கனமானதுக்கு என்ற ஒழுங்கு எல்லாம் ஒப்பிடுவதற்காகத்தான். நுரைப்பது, பிறகு வெள்ளை, பிறகு ரோசே, பிறகு சிவப்பு, கடைசியில் இனிப்பு. இந்த ஒழுங்கைக் குழப்பினால் அடுத்து வருவதன் சுவை தெரியாது.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். முதலில் வெள்ளைத் தாளுக்கு மேல் சரித்து நிறத்தைப் பாருங்கள். பிறகு அசைக்காமல் ஒரு தடவை மணந்து பாருங்கள். கிளாஸின் அடியை மேசையில் வைத்தபடியே மூன்று நான்கு தடவை சின்ன வட்டமாகச் சுழற்றி மீண்டும் மணந்து பாருங்கள். முதல் மணத்துக்கும் இரண்டாவதுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் எழுத வேண்டியது. பாடத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி இந்த இரண்டு மணத்திலேயே வந்துவிடும். ஒரு சொட்டும் வாயில் படக்கூடாது என்பது உங்கள் முடிவென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் குறையாது. சுவைத்துத் துப்பலாம் என்று நினைத்தால் ஒரு தேக்கரண்டியளவு எடுத்து, உதட்டை இலேசாகத் திறந்து காற்றை உள்ளே இழுத்து, வாய் முழுக்கப் படவைத்து, ஐந்து பத்து வினாடியில் துப்பிவிடுங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

துப்புவதற்கு மேசையிலேயே பாத்திரம் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் அதைக் கண்டு கூச்சப்பட்டு விழுங்கிவிடுகிறார்கள், மூன்றாவது கிளாஸில் தலை கனக்கும். உதட்டைக் குவித்து, கன்னத்தை இறுக்கி, நாக்கால் தள்ளினால் நேராகப் போகும். வாயை அகலத் திறந்தால் தாடையில் வழியும். முன் நாள் குளியலறைத் தொட்டியில் தண்ணீரை வைத்துப் பத்துத் தடவை பழகிக்கொள்ளுங்கள், தோழர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். அந்த நாளில் வாசனைத் தைலம், மணக்கும் கூந்தல் எண்ணெய், புதினா சூயிங்கம் எதுவும் வேண்டாம். உங்கள் மூக்கை மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் மூக்கையும் அது கெடுக்கும்.

யாராவில் நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் ஷார்டனே என்ற வெள்ளையும் பினோ நுவார் என்ற சிவப்பும். குளிரான இடத்துக்குப் பொருந்திய இரண்டு திராட்சை வகை. நல்ல ஷார்டனேயில் புளிப்பு நாக்கின் இரு பக்கமும் எச்சில் ஊறவைக்கும். வெண்ணெய் போன்ற மணம் வந்தால் அது புளிப்பைத் தணிக்கும் ‘மலோலக்டிக்’ நொதிப்பில் வந்தது, வனிலா அல்லது சுட்ட பாண் மணம் வந்தால் ஓக் பீப்பாயிலிருந்து வந்தது. பினோவின் தோல் மெல்லியது, அதனால் நிறமும் துவர்ப்பும் குறைவு. அதன் பின் கபர்னே என்ற இன்னொரு சிவப்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், முரசுகளில் பிடிக்கும் துவர்ப்பு எது என்று அப்போது தெரியும். பால் சேர்க்காத பிளேன்டி குடித்து வளர்ந்த உங்களுக்கு அந்தப் பிடிப்பு புதிதாக இருக்காது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: பொலிபீனோல்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து அதன் வழுவழுப்பைக் குறைக்கின்றன.

உயரத்தைப் பற்றியும் கேளுங்கள். பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் சாம்பல் நிற மண், மேல் யாராவில் சிவந்த எரிமலை மண். மேலே குளிர் அதிகம், பழம் பிந்தி முற்றும், புளிப்பு நிற்கும். டிம்புள்ள மலைக் கொழுந்துக்கும் தாழ்நிலக் கொழுந்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது சட்டென்று விளங்கும்.

பெப்ரவரி கடைசி நல்ல காலம், அறுவடை நடக்கும். பறவைகள் கொத்தாமல் வரிசைகளை வெள்ளை வலையால் மூடியிருப்பார்கள். நுரைக்கும் வைனுக்கான பழத்தை முதலில் பறிப்பார்கள், சாற்றின் சீனியைக் காட்டும் ‘பொமே’ அளவில் 10, 11 இருக்கும்போதே. சாதாரண வைனுக்கு 12 அல்லது 13க்கு மேல் போகவிடுவார்கள். ஒரு பொமே நொதித்தால் ஏறத்தாழ ஒரு சதவீத மதுசாரம் என்று நினைவில் வையுங்கள், லேபலில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று புரியும். கையால் பறிக்கிறார்களா இயந்திரமா, கூலி மணிக்கா நிறைக்கா என்றும் கேளுங்கள். மலையகத்துப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான் அது. கேட்டதற்காக யாராவது பறிக்கும் வேலைக்கு வரச்சொன்னால், படிப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்பதை மறக்காதீர்கள். குளிர்காலத்தில் போனால் கொடிகளில் இலையே இருக்காது, கவ்வாத்து நடக்கும்.

எவ்வளவு ஆசையாக இருந்தாலும், படம் எடுப்பதற்காகக் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். வேரை உறிஞ்சும் பைலொக்செரா என்ற ஒரு மில்லிமீற்றர் பூச்சி 2006இல் யாராவில் கண்டுபிடிக்கப்பட்டது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அது அடுத்த தோட்டத்துக்குப் போகும். வந்துவிட்ட கொடியைக் காப்பாற்ற மருந்து இல்லை, பிடுங்கிவிட்டு எதிர்ப்புள்ள அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டிய கன்றைத்தான் நட வேண்டும். இங்கே இலங்கையில் 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து எங்கள் மலைகளைத் தேயிலைக்கு மாற்றியது. அதே காலகட்டத்தில்தான் இந்தப் பூச்சி பிரான்சின் திராட்சையை அழித்து, 1877இல் விக்டோரியாவின் ஜீலோங்குக்கும் வந்தது. ஒரு நோய் ஒரு மலைநாட்டின் பிழைப்பையே மாற்றிப்போடும் என்பது நமக்குத் தெரியும். கழுவிய சப்பாத்தோடு போங்கள், பாதையிலேயே நில்லுங்கள். கால் நனைக்கும் தட்டு வைத்திருந்தால் அதில் மிதித்துவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டை மத்தியானத்துக்கு மட்டும் விட்டுவைக்காதீர்கள், முன்னாலேயும் வையுங்கள். சுவைக்கிற ஐந்து பேரும் காலையில் பாண், முட்டை என்று கனமாக எதையாவது சாப்பிட்டுவிட்டு ரயில் ஏற வேண்டும். வெறும் வயிற்றில் மதுசாரம் வேகமாக ஏறும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். தோட்டத்துப் பலகையில் வரும் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கலாம். வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும் பயன்படுத்துவதுண்டு. கூட்டத்தில் சைவம் பார்ப்பவர் இருந்தால் ‘வீகன்’ என்று போட்டதைக் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்த்துமா உள்ளவர் சல்பைட் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும், சிலருக்கு அது மூச்சிழுப்பைத் தூண்டும்.

செலவு: இரண்டு சுவைப்பு, மத்தியானச் சாப்பாடு, ரயில், பஸ், டாக்ஸியில் ஆறில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 டொலரைச் சுற்றி வரும். சுவைப்புக் கட்டணம் இல்லாவிட்டால் உங்களுக்கு அதைவிடக் குறைவு. ஒழுங்கு செய்யப்பட்ட மினிபஸ் சுற்றுலா பொதுவாக இதைவிடக் கூட, ஆனால் வீடு திரும்பும் கவலை இல்லை. அம்மாவுக்கு அதுதான் ஆறுதல் என்றால் அந்தக் கூடுதல் காசு வீணில்லை. போத்தல் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. வாங்கினால் ரயிலில் திறக்கக்கூடாது, திறந்த போத்தலை வைத்திருப்பதே அங்கே குற்றம்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை, வானிலை. பெப்ரவரியில் மெல்பேர்ன் பக்கம் 40 பாகை தாண்டும் நாட்கள் வரும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி பெருந்தீ இந்தப் பள்ளத்தாக்கின் ஓரங்களையும் எரித்தது. தொப்பி, சூரியக் களிம்பு, மூடிய சப்பாத்து கொண்டுபோங்கள். முன் நாள் மாலையில் ‘விக் எமர்ஜென்சி’ செயலியில் அந்தப் பகுதியின் தீ அபாய அளவைப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ அல்லது ‘கட்டஸ்ட்ரொபிக்’ என்றிருந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு, அன்று மாலையே தோட்டங்களுக்கும் டாக்ஸிக்கும் எழுதி வேறு சனிக்கிழமை கேளுங்கள்.